கார்காலச் சேமிப்பு: சிறிது வண்ணமும் சில நூல்களும்

ஆடி மாதத்தில் முற்பகல் 11 மணிக்கும் எல்லா விளக்குகளையும் எரியவிட்டே பணியாற்ற வேண்டிய வங்கிக் கிளைகள் இடுக்கி மலைப்பகுதியில் உண்டு. அத்தகைய கிளையொன்றில் நாங்கள் சில ஆண்டுகள் பணிபுரிந்தோம். சன்னலுக்கு அப்பால் மூடுபனி அடர்ந்து நிற்கும். எதிரே இருக்கும் தேநீர்க்கடை கண்ணுக்குத் தெரியாது. அங்கே ஒலிக்கும் பாட்டு மட்டும் காதில் விழும். வாடிக்கையாளர்கள் குடைகளை வாசலில் சாய்த்துவிட்டு, ஈரக் கைகளைத் துடைத்துக்கொண்டு உள்ளே வருவார்கள்.

அப்படியொரு நாளில், ஓய்வுபெற்ற தோட்டத் தொழிலாளியான மூதாட்டி ஒருவர் கணக்குப் புத்தகத்தில் வரவுகளைப் பதிந்துகொண்ட பின்னும் நகராமல் நின்றார். தொகையில் ஏதேனும் ஐயமா என்று வினவினோம். அவர் தலையசைத்தார்.

"அதெல்லாம் சரியாத்தான் இருக்கு சார். அந்தப் பெஞ்சுல கெடக்கிற பழைய புத்தகத்துல ரெண்டு எடுத்துக்கிட்டுமா? மழ விடுற மட்டும் வீட்டுல வெளிச்சமும் இல்ல, பேச ஆளும் இல்ல."

"தாராளமா எடுத்துக்கோங்கம்மா" என்றோம். அவர் எடுத்துச் சென்றவை நீங்கள் இப்போது கையில் வைத்திருக்கும் இதே இதழின் பழைய பிரதிகள்.

அவர் வெளிச்சம் இல்லை என்றார். துணை இல்லை என்றார். மலையில் மழைக்காலத்தைத் தனியே கழிக்கும் எவருக்கும் இவ்விரண்டும்தாம் குறை. இவ்விரண்டையும் முன்கூட்டியே தேடி வைத்துக்கொள்ள முடியும் என்பதே இக்கட்டுரையின் செய்தி. மழைக்கு முன் அரிசியும் விறகும் சேர்த்து வைக்கும் நாம், அவற்றோடு சிறிது வெளிச்சத்தையும் வண்ணத்தையும் சில நூல்களையும் சேர்த்து வைக்கலாம். அதற்கு ஆகும் செலவு மிகக் குறைவு என்பதை இறுதியில் கணக்கிட்டுக் காட்டுவோம்.

நம் இருண்ட பருவம் எது?

மேலைநாடுகளில் மனம் சோரும் பருவம் என்றால் குளிர்காலம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை அங்கே பகல் குறுகிவிடுகிறது. நம் எல்லைப் பகுதிகளில் நிலைமை வேறு. மார்கழி, தை மாதங்களில் மூணாற்றுத் தேயிலைச் செடிகளின்மேல் உறைபனி படிவதுண்டு; ஆயினும் பகலில் வானம் தெளிந்திருக்கும், வெயில் கிடைக்கும். நமக்கு இருண்ட பருவம் தென்மேற்குப் பருவமழைக் காலமே. மலையாள நாட்டில் இடவப்பாதி என்று வழங்கப்படும் இம்மழை வழக்கமாக ஜூன் 1-ஆம் நாளையொட்டித் தொடங்கிச் செப்டம்பர் வரை நீடிக்கிறது. இந்த நான்கு மாதங்களில் மட்டும் கேரளம் சராசரியாக ஏறக்குறைய 2,000 மில்லிமீட்டர் மழையைப் பெறுகிறது. மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில் இது இன்னும் மிகுதி.

பாலக்காட்டு எல்லையில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி போன்ற கிழக்குப் பகுதிகள் இவ்வளவு மழையைக் காண்பதில்லை. இடுக்கியிலும் மறையூர், காந்தளூர், வட்டவடை ஆகியவை மழை மறைவுப் பகுதிகள். மூணாற்றில் மூன்று வாரமாகச் சூரியன் தலைகாட்டாத வேளையில், சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மறையூரில் கரும்புத் தோட்டங்களின்மேல் வெயில் அடித்துக்கொண்டிருக்கக் காணலாம். விடுமுறை நாளொன்றில் பேருந்தேறி அவ்வெயிலைப் பார்த்துத் திரும்புவதும் ஒரு மருந்துதான். ஆனால் நாள்தோறும் அது இயலாது. வீட்டுக்குள்ளேயே செய்யக்கூடியவை எவை என்று பார்ப்போம்.

வெளிச்சத்தின் கணக்கு

ஒளியின் செறிவை லக்ஸ் என்னும் அலகால் அளப்பர். நண்பகல் நேர்வெயிலில் அது 1,00,000 லக்ஸ் வரை எட்டும். மேகம் மூடிய பகலிலும் திறந்தவெளியில் பெரும்பாலும் 1,000 லக்ஸுக்குக் குறைவதில்லை; பல வேளைகளில் அதைவிடப் பல மடங்கு இருக்கும். ஒற்றை விளக்கு எரியும் வீட்டறையிலோ 100 முதல் 300 லக்ஸ் வரைதான் கிடைக்கும். கண்ணின் பாவை விரிந்து ஈடுசெய்துகொள்வதால் இவ்வேறுபாடு நமக்குத் தெரிவதில்லை. உடலுக்குள் உறக்கத்தையும் விழிப்பையும் நெறிப்படுத்தும் கடிகாரம் மட்டும் இதனைத் துல்லியமாகக் குறித்துக்கொள்கிறது. காலையில் போதிய ஒளி விழாவிட்டால் அக்கடிகாரம் தடுமாறுகிறது. பகலில் அயர்வும் இரவில் உறக்கமின்மையும் தோன்றுகின்றன.

அமெரிக்கத் தேசிய மனநல நிறுவனத்தில் பணியாற்றிய நார்மன் ரோசந்தால் என்னும் மருத்துவரும் அவருடைய குழுவினரும் 1984-ஆம் ஆண்டில் பருவகால மனச்சோர்வு என்னும் நோயை விளக்கி எழுதினர். வெயில் மிகுந்த தென்னாப்பிரிக்காவிலிருந்து அமெரிக்காவில் குடியேறிய அம்மருத்துவர், குளிர்கால மாதங்களில் தமக்கே ஏற்பட்ட சோர்விலிருந்து இவ்வாய்வுக்கு வந்தவர். 10,000 லக்ஸ் ஒளி தரும் பெட்டியின் முன் காலையில் அரைமணி நேரம் அமரச் செய்வது இந்நோய்க்கு இன்றும் வழங்கப்படும் சிகிச்சைகளுள் ஒன்று.

நம் மழைக்காலச் சோம்பலை அந்நோயோடு ஒன்றாக்கிவிடக் கூடாது. நமக்கு ஆடியில் பகற்பொழுது 12 மணி நேரத்துக்கும் மிகுதி. பகல் குறையவில்லை, பகலின் ஒளிதான் குறைகிறது. எனினும் அச்சிகிச்சையின் அடிப்படையில் நமக்கும் பயன்படும் பாடங்கள் உண்டு.

முதலாவது, மழை ஓய்ந்த காலை வேளையில் குடையோடு வெளியே சென்று அரைமணி நேரம் நடப்பது. வானம் மூடியிருந்தாலும் வெளியில் கிடைக்கும் ஒளி வீட்டுக்குள் கிடைப்பதைவிடப் பல மடங்கு என்பதை மேலே கண்டோம்.

இரண்டாவது, அமரும் இடத்தை மாற்றுவது. மழைக்காலம் முழுமைக்கும் ஒரு நாற்காலியைச் சன்னலோரமாகவோ திண்ணைக்கு அருகிலோ போட்டு வைத்தால், படிப்பதும் காய்கறி நறுக்குவதும் அங்கேயே நடக்கும்.

மூன்றாவது, சுவர். வெண்மையான சுவர் தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பித் தருகிறது. புகைபடிந்த சுவர் அதனை விழுங்கிவிடுகிறது. மேமாதம் முடிவதற்குள் ஒரு கை சுண்ணாம்பு அடித்துவிடுவது நன்று. சொந்த வீட்டில் தகரக் கூரை இருப்பின், ஒரேயொரு தகட்டை மட்டும் ஒளி புகும் தகடாக மாற்றிக்கொள்ளலாம். தோட்டக் குடியிருப்பில் வாழ்வோர் நிர்வாகத்தின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே இதனைச் செய்தல் வேண்டும்.

நான்காவது, விளக்கு. பலர் மின்கட்டணத்துக்கு அஞ்சிப் பகலில் விளக்கேற்றத் தயங்குகின்றனர். கணக்கைப் பாருங்கள்: 9 வாட் எல்.இ.டி. விளக்கை நாள்தோறும் 5 மணி நேரம் எரித்தால் 30 நாளுக்கு ஆவது 1.35 யூனிட். பழைய 60 வாட் குண்டு பல்பு தந்த வெளிச்சத்தை இவ்விளக்கு தருகிறது. அந்தப் பல்புக்கு அதே காலத்தில் 9 யூனிட் செலவாகியிருக்கும். படிக்கும் நாற்காலிக்கு மேலே தனியாக ஒரு விளக்கு இருப்பது ஆடம்பரமன்று.

கர்க்கடகம் கற்றுத்தந்த வழக்கம்

இருண்ட மாதத்தில் விளக்கேற்றி நூல் படிப்பது இம்மண்ணுக்குப் புதிதன்று. நம் ஆடி மாதத்தோடு ஒத்து வரும் கர்க்கடகம், மலையாளிகளின் பழைய நினைவில் பஞ்ஞ மாதம். வயலில் வேலை இராது. பத்தாயத்தில் நெல் இராது. மழையோடு நோயும் வரும். அந்த மாதத்தில்தான் மருந்துக் கஞ்சி குடிப்பதும், எண்ணெய்ச் சிகிச்சை செய்துகொள்வதும், மாலையில் குத்துவிளக்கின் முன் அமர்ந்து துஞ்சத்து எழுத்தச்சனின் அத்யாத்ம ராமாயணத்தை நாளுக்குச் சிறிதாக வாசித்து மாத இறுதியில் நிறைவு செய்வதும் வழக்கமாயின. கிளி பாடுவதாக அமைந்த நூல் அது. கர்க்கடகம் இன்றும் ராமாயண மாதம் என்றே அழைக்கப்படுகிறது.

எழுத்தச்சன் தம் இறுதிக் காலத்தைக் கழித்த இடம் நம் எல்லையிலேயே உள்ளது. பாலக்காட்டு மாவட்டம் சிற்றூரில் ஆற்றங்கரையில் அமைந்த குருமடம் அது. அந்த ஆற்றுக்குச் சோகநாசினி என்று பெயர். துயரைத் தீர்ப்பவள் என்பது பொருள்.

பாலக்காட்டுக்கு இன்னுமொரு பெருமை உண்டு. இங்குள்ள பகவதி கோயில்களின் கூத்துமாடங்களில், கோடை மாதங்களில் இரவுதோறும் தோற்பாவைக் கூத்து நடைபெறுகிறது. வெண்திரைக்குப் பின்னே தேங்காய் மூடிகளில் 21 விளக்குகளை ஏற்றி, கம்பராமாயணத்தின் தமிழ்ப் பாடல்களைப் பாடி, மலையாளத்தில் பொருள் விரித்துரைக்கின்றனர் புலவர்கள். ஒரு மொழியின் நூல் இன்னொரு மொழி பேசுவோரின் இரவை ஒளிபெறச் செய்வதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

இவ்வழக்கங்களில் பக்தி உண்டு. அதனோடு நடைமுறை அறிவும் உண்டு. இல்லாமையும் இருளும் மிகுந்த மாதத்துக்கு ஒரு விளக்கையும் ஒரு நூலையும், ஒருவர் வாசிக்கப் பலர் கேட்கும் ஒரு வேளையையும் முன்னோர் ஒதுக்கி வைத்தனர். எந்தச் சமயத்தாரும் தத்தமக்கு உகந்த நூலைக்கொண்டு இதனைப் பின்பற்றலாம்.

வண்ணம் வாங்க வேண்டியதில்லை, விதைத்தால் போதும்

கர்க்கடகம் முடிந்து ஆவணியாகிய சிங்ஙம் பிறந்ததும் ஓணம் வருகிறது. அத்தம் முதல் திருவோணம் வரை 10 நாள் வாசல்தோறும் பூக்களம் இடுகின்றனர். நான்கு மாதச் சாம்பல் நிறத்துக்கு நடுவே இது எத்தகைய ஆறுதல் என்பதை மலையில் வாழ்பவரே முழுதும் உணர்வர். முற்காலத்தில் தும்பை, செம்பருத்தி, வெட்சி, துளசி எனச் சுற்றுப்புறத்துப் பூக்களையே பறித்தனர். இன்றோ செண்டுமல்லியும் வாடாமல்லியும் கம்பம் பள்ளத்தாக்கு, தோவாளை ஆகிய பகுதிகளிலிருந்தும், கர்நாடகத்தின் குண்டல்பேட்டையிலிருந்தும் எல்லை கடந்து வருகின்றன. குடும்பஸ்ரீ மகளிர் குழுக்கள் ஓணச் சந்தைக்காகவே செண்டுமல்லி பயிரிடத் தொடங்கியுள்ளன.

வீட்டளவில் செய்வதற்கு இன்னும் எளிய வழி உண்டு. பழைய பெயிண்ட் டப்பாக்கள் நான்கில் அடியில் துளையிட்டு, மண்ணும் தொழுவுரமும் நிரப்பி, ஜூன் நடுவில் செண்டுமல்லியும் கோழிக்கொண்டையும் விதைத்தால் ஏறக்குறைய இரண்டு மாதத்தில் பூக்கும். பெருமழையில் அழுகிவிடாதபடி கூரை ஓரத்தில், சாரல் மட்டும் படுமாறு வைத்தல் வேண்டும். காசித்தும்பைக்கு அந்தக் கவலையும் பெரிதாக இல்லை. அவ்வினத்தைச் சேர்ந்த பல காட்டுச் செடிகள் மூணாற்றுப் பாறைச் சரிவுகளில் மழைக்காலத்தில்தான் பூக்கின்றன.

மலையின் பெரும் வண்ணமோ 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. 2006-இலும் 2018-இலும் பூத்த நீலக்குறிஞ்சியை இனி 2030-இல் எதிர்பார்க்கலாம். அதுவரை காத்திருக்க வேண்டியதில்லை. சன்னலுக்கு ஒரு மஞ்சள் திரை, நாற்காலிக்கு ஒரு சிவப்பு விரிப்பு, வாசலில் நான்கு டப்பாப் பூக்கள் ஆகியவையே கண்ணுக்கு நாள்தோறும் ஒரு புதுமையைத் தரும். பூச்செடியின் தனிச்சிறப்பு, அது நாளை என்ன ஆகும் என்று பார்க்கும் ஆவலை உண்டாக்குவது. தனித்திருப்போருக்கு அந்த ஆவல் பெரிய துணை.

160 நூல்களும் ஒரு தேநீர்க்கடையும்

துணைகளில் தலையாயது நூல். ஆனால் மலையில் நூலுக்கு எங்கே போவது என்ற கேள்வி எழும். அதற்கு விடையாக இடுக்கியிலேயே ஓர் உண்மை நிகழ்வு உண்டு.

கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சியாக 2010-இல் அமைக்கப்பட்டது இடமலக்குடி. மூணாற்றுக்கு அப்பால் காட்டின் நடுவே அமைந்த இவ்வூராட்சியில் முதுவர் இன மக்கள் வாழ்கின்றனர். இங்குள்ள இருப்புக்கல்லுக்குடி என்னும் குடியிருப்பில் பி.வி. சின்னத்தம்பி என்பவர் ஒரு சிறு தேநீர்க்கடை நடத்திவந்தார். பத்திரிகையாளர் பி. சாய்நாத் காட்டுவழியே நெடுந்தொலைவு நடந்து அங்குச் சென்று, 2014-இல் அக்கடையைப் பற்றி எழுதினார். அப்போது சின்னத்தம்பிக்கு வயது 73. மண்சுவர் கொண்ட அந்தக் கடைக்குள் 160 நூல்கள் இருந்தன. அதுவே அட்சரா என்னும் நூலகம்.

உறுப்பினராவதற்கு ஒருமுறை 25 ரூபாய். பின்னர் மாதத்துக்கு 2 ரூபாய். நூலை எடுத்துச் செல்வதற்குத் தனிக் கட்டணம் இல்லை. சர்க்கரையில்லாத கட்டன்சாயா வாசகர்க்கு இலவசம். இரவல் கணக்கைச் சின்னத்தம்பி ஒரு குறிப்பேட்டில் முறையாக எழுதி வந்தார். அக்குறிப்பேட்டின்படி 2013-ஆம் ஆண்டில் 37 நூல்கள் வெளியே சென்று வந்துள்ளன. பொழுதுபோக்குத் துணுக்குகளன்றி, தகழி, கமலா தாஸ், எம். முகுந்தன் முதலியோரின் படைப்புகளும், மலையாளத்தில் பெயர்க்கப்பட்ட சிலப்பதிகாரமும் அங்கே இருந்தன.

கணக்கு எழுதுவதையே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு அந்தக் குறிப்பேட்டின்மேல் தனி மதிப்பு உண்டு. 160 என்பது நகரத்து நூலகத்தில் ஓர் அலமாரி. ஆயினும் அச்சிறு இருப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு ஓராண்டில் கைமாறியிருக்கிறது. நூலகத்துக்கு எண்ணிக்கையைவிட அருகாமையும் நல்ல தேர்வும் ஒரு குவளைத் தேநீரும் முக்கியம் என்பதை இதிலிருந்து அறிகிறோம்.

இந்த உணர்வு கேரளத்தில் ஆழ வேரூன்றியது. பி.என். பணிக்கர் என்னும் ஆசிரியரின் முயற்சியால் 1945-இல் 47 நூலகங்கள் ஒன்றிணைந்து திருவிதாங்கூர் கிரந்தசாலைச் சங்கமாயின. அவர் மறைந்த நாளாகிய ஜூன் 19, கேரளத்தில் வாசிப்பு நாளாகக் கொண்டாடப்படுகிறது. பருவமழை நன்கு பிடித்துக்கொள்ளும் வேளையில் அந்நாள் வருவது தற்செயலே எனினும் பொருத்தமானது.

உலகின் மறுகோடியிலும் இத்தகைய வழக்கம் உண்டு. குளிர்காலத்தில் சில மணி நேரமே பகலைக் காணும் ஐஸ்லாந்து நாட்டில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில்தான் புதிய நூல்களுள் பெரும்பாலானவை வெளியிடப்படுகின்றன. டிசம்பர் 24 அன்று ஒருவருக்கொருவர் நூலைப் பரிசளிக்கின்றனர். இரண்டாம் உலகப் போரின்போது பிற இறக்குமதிகளுக்கு இருந்த கடுங்கட்டுப்பாடு காகிதத்துக்கு இல்லாமற்போனதால், நூலே எளிதில் கிடைக்கும் பரிசாகி இவ்வழக்கம் வேர்கொண்டது.

எவற்றைப் படிக்கலாம்?

இருண்ட நாளில் துயரக் கதையைத் தவிர்ப்பதா என்று கேட்போர் உண்டு. நல்ல நூல் எத்தகையதாயினும் துணையாகும். ஆயினும் தொடக்கம் இலகுவாக இருப்பது நலம். எல்லைப் பகுதித் தமிழர்க்கு இருபுறத்து இலக்கியமும் உரிமையாதலால், தமிழில் கிடைக்கும் சிலவற்றை மட்டும் குறிப்பிடுகிறோம்.

முதலில் வைக்கத் தக்கது வைக்கம் முகம்மது பஷீரின் பாத்துமாவின் ஆடு. நெருக்கடி மிகுந்த ஒரு குடும்பத்தையும், கண்ணில் பட்டதையெல்லாம் தின்னும் ஓர் ஆட்டையும் பற்றிய சிரிப்புக் கதை. 1954-இல் மனநலச் சிகிச்சை பெற்றுவந்த காலத்தில் பஷீர் இதனை எழுதினார் என்பதை அறிந்து படிக்கும்போது, அச்சிரிப்பின் மதிப்பு இன்னும் உயரும்.

பாலக்காட்டார்க்கு உரியது ஓ.வி. விஜயனின் கசாக்கின் இதிகாசம். 1969-இல் நூலாக வெளிவந்த இந்நாவலுக்குப் பாலக்காட்டை அடுத்த தஸ்ராக் என்னும் சிற்றூரே கருவாயிற்று. யூமா வாசுகியின் தமிழாக்கம் சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசைப் பெற்றது. பாலக்காட்டு மாவட்டத்துக் கூடல்லூரில் பிறந்த எம்.டி. வாசுதேவன் நாயரின் இரண்டாம் இடம், வீமனின் பார்வையில் பாரதத்தைச் சொல்வது. தமிழில் தந்தவர் குறிஞ்சிவேலன். தகழியின் செம்மீனைச் சுந்தர ராமசாமியின் தமிழில் படிக்கலாம்.

தோட்ட வாழ்வை அறிந்தவர்க்கு எரியும் பனிக்காடு தம் பாட்டன் பாட்டியின் கதையாகவே தோன்றும். ஆனைமலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதிய இந்நாவலை இரா. முருகவேள் தமிழாக்கியுள்ளார். இது கனமான நூல். அடைமழை நாளில் தனியே படிப்பதைவிட, இருவர் மூவர் சேர்ந்து படித்துப் பேசுவது நன்று. மனத்துக்கு இலகுவான வாசிப்பை விரும்புவோர்க்குத் தேவனின் துப்பறியும் சாம்பு உண்டு. வீட்டிலிருந்தபடியே பயணம் செல்ல விரும்புவோர்க்குத் தி. ஜானகிராமனும் சிட்டியும் சேர்ந்து எழுதிய நடந்தாய் வாழி காவேரி உண்டு.

பாட்டியின் எழுத்தும் பேரனின் எழுத்தும்

எல்லைப்புறத்து வீடுகளில் ஒரு தனிச் சிக்கலை நாங்கள் கண்டோம். கணக்குத் தொடங்கும் படிவத்தில் பாட்டி தமிழில் கையெழுத்திடுவார். உடன் வந்த பேரன் மலையாளத்தில் படிவத்தை நிரப்புவான். பேச்சில் ஒன்றுபட்ட இருவர், எழுத்தில் பிரிந்து நிற்கின்றனர். பாட்டியிடம் உள்ள நூலைப் பேரனால் படிக்க இயலாது. பேரனின் பாடநூலைப் பாட்டியால் படிக்க இயலாது. மழைநாளில் இருவரும் ஒரே அறையில் இருந்தும் தனித்தனியே இருக்கின்றனர்.

இதற்கு வண்ணமும் நூலும் ஒன்றாகச் சேர்ந்த ஒரு வழி உண்டு. அது குழந்தைகளுக்கான படநூல். சென்னையில் 1996-இல் தொடங்கப்பட்ட தூலிகா பதிப்பகம் தமிழ், மலையாளம் உள்ளிட்ட பல இந்திய மொழிகளில் படநூல்களை வெளியிடுகிறது. ஒரே கதை இரு மொழிகளிலும் கிடைக்கும். ஒரு பிரதி தமிழிலும் ஒரு பிரதி மலையாளத்திலும் வாங்கி அருகருகே விரித்துவைத்தால், படம் பொதுவாக நிற்கும். எழுத்தை ஒருவருக்கொருவர் கற்பிப்பார்கள். ஒரு மழைக்காலத்தில் ஒரு குழந்தை இன்னோர் எழுத்தைக் கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்ள இயலும். அவ்வாறு கற்ற எழுத்து வாழ்நாள் முழுதும் வட்டி தரும் முதலீடு.

இதற்கு எவ்வளவு ஆகும்?

இனி எங்கள் தொழிலுக்கு வருவோம். 12 குடும்பங்கள் சேர்ந்து ஒரு வாசிப்புக் குழு அமைப்பதாகக் கொள்வோம். குடும்பத்துக்கு மாதம் 50 ரூபாய். ஆவணியில் தொடங்கி 9 மாதத் தொடர் வைப்பாகச் செலுத்தினால், முதல் மட்டும் 5,400 ரூபாய் ஆகும், வட்டி தனி. மழைக்கு முன்னதாக, மே மாதத்தில் அத்தொகை கைக்கு வரும். நூலுக்குச் சராசரி 180 ரூபாய் எனக் கொண்டால் 30 நூல்கள் வாங்கலாம். அச்சிட்ட நூல்களுக்குச் சரக்கு மற்றும் சேவை வரி இல்லை. ஒரு குடும்பம் ஓராண்டில் தருவது 450 ரூபாய்; அதற்குக் கிடைப்பது 30 நூல்களைப் படிக்கும் உரிமை. ஐந்து ஆண்டுகளில் இது 150 நூல்களாகும். சின்னத்தம்பியின் நூலகத்தின் அளவை ஏறக்குறைய எட்டிவிடுவீர்கள்.

சில நடைமுறைக் குறிப்புகள்:

கணக்கை ஒருவர் பெயரில் மட்டும் வைக்க வேண்டாம். இரண்டு அல்லது மூன்று பேரின் கூட்டுக் கணக்காக வைத்து, பணம் எடுக்க இருவரின் கையொப்பம் தேவை என்று எழுதிக்கொடுங்கள். முன்னரே இயங்கும் சுய உதவிக் குழுவோ குடும்பஸ்ரீ அயல்கூட்டமோ இருந்தால், தீர்மானம் நிறைவேற்றி அதன் வழியாகவே இச்சேமிப்பை நடத்தலாம்.

குழு வளர்ந்து நிலையான இடம் அமைந்தபின், கேரள மாநில நூலகக் கவுன்சிலில் இணைவது பற்றி வட்ட நூலகக் கவுன்சிலில் கேட்டறியுங்கள். இணைந்த நூலகங்களுக்கு அவற்றின் தரத்துக்கேற்ப ஆண்டு மானியம் வழங்கப்படுகிறது.

10 வயது நிறைந்த சிறார், வங்கி வகுத்துள்ள வரம்புக்குட்பட்டுத் தாமே இயக்கும் சேமிப்புக் கணக்கைத் தொடங்கலாம். தன் பணத்தில் தன் முதல் நூலை வாங்கும் குழந்தை அந்நூலை இழக்காது.

நூல்களை ஈரத்திலிருந்து காப்பதும் சேமிப்பே. அலமாரியை வெளிச்சுவரில் ஒட்டாமல் நான்கு விரற்கடை தள்ளி வையுங்கள். தரையில் அடுக்க வேண்டாம். நூல்களை நெருக்கித் திணிக்காமல் காற்றோட்டம் விடுங்கள். வசம்புத் துண்டுகளோ காய்ந்த வேப்பிலையோ இடையில் வைக்கலாம். வெயில் வரும் நாளில் நிழலில் விரித்து உலர்த்துங்கள். பூஞ்சை பிடித்த நூலை உடனே பிரித்து வையுங்கள்.

நூல் மட்டும் போதாதபோது

ஓர் எச்சரிக்கையையும் கூறவேண்டும். எதிலும் நாட்டமின்மை, உறக்கக் கேடு, பசியின்மை, வாழ்வில் வெறுப்பு ஆகியவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அது மழையின் குற்றமன்று. மருத்துவரைக் காண வேண்டிய நிலை. மலைகளில் மழைக்காலம் பலருக்கு இழப்பின் காலமாகவும் இருக்கிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவில் பெட்டிமுடியில் மண்சரிந்து 70 பேரைக் கொண்டுபோனதை இத்தோட்டங்கள் மறக்கவில்லை. மழையொலி கேட்டாலே உறக்கம் கலைவோர் இன்றும் உள்ளனர். அத்தகையோர்க்கு அறிவுரை கூறுவதினும் அருகில் இருப்பதே முதலுதவி. மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம்.

தொடக்கத்தில் கூறிய மூதாட்டி இரண்டு வாரம் கழித்து மீண்டும் வந்தார். எடுத்துச் சென்ற இதழ்களைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, ஒரு துளி ஈரமும் படாமல் கொண்டுவந்திருந்தார்.

"நல்லாத்தான் இருக்கு சார். ஆனா எல்லாம் வட்டிக் கணக்கா இருக்கு. ஒரு கதைகூட இல்லையே."

அன்று மாலை நாங்கள் ஆளுக்கு இரண்டு நூல்கள் தருவதென முடிவு செய்தோம். மறுவாரம் காத்திருப்போர் பெஞ்சின் ஓரத்தில் ஓர் அட்டைப்பெட்டியில் 14 நூல்கள் இருந்தன. மேலே ஒரு குறிப்பேட்டையும் நூலில் கட்டிய பேனாவையும் வைத்தோம். முதல் வரியில் அந்த அம்மாவே தம் பெயரைத் தமிழில் எழுதி, பாத்துமாவின் ஆட்டை எடுத்துச் சென்றார்.